அவர்கள் என்று எழுதியவரும் நான் என்று சொன்னவரும்

நான் தொழிலால் ஒரு தாதி. இரவு வேலை முடிந்து வந்து கொஞ்சம் கொஞ்சமாக வாசித்தவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். இறையியல் படித்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்று தெரியும். ரோமர் நிருபத்தை விரித்துவைத்து வாதாட நான் வரவில்லை. தன்பாலீர்ப்புள்ளவர்களுக்கும் சபையில் இடம் வேண்டும் என்று, சபைக்கு உள்ளே நின்றே முதலில் கேட்ட போதகர்கள் யார்? கேட்டபின் அவர்களுக்கு என்ன நடந்தது? அதைத்தான் தேடிப்போனேன்.

ஏன் தேடினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் கீபோர்ட் வாசித்த ஒரு பிள்ளை சில வருஷங்களுக்கு முன் வராமல் விட்டான். காரணம் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "வெளியே போ" என்றும் எவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள்கூட இருக்கிறார்கள். ஆனால் "அந்தப் பிள்ளையை எங்கே காணோம்?" என்றும் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கதை 1960இல் தொடங்குகிறது. அந்த வருஷம் நியூயோர்க்கில் 'கிறிஸ்துவும் தன்பாலீர்ப்பாளரும்' என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் ஆங்கில நூல் வெளிவந்தது. எழுதியவர் ரொபேட் வூட், கொங்கிரிகேஷனல் சபைப் போதகர். வெளியிட்டது வான்டேஜ் பிரஸ். எழுத்தாளரே காசு கொடுத்துப் போடுவிக்கும் பதிப்பகம் அது. புனைபெயர் வைக்கவில்லை, தன் சொந்தப் பெயரிலேயே போட்டார்.

அந்தத் துணிச்சலின் அளவு தெரிய வேண்டுமென்றால் அந்தக் காலத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். 1960இல் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் தன்பாலுறவு குற்றம். முதலில் சட்டத்தை மாற்றிய இல்லினோயும் 1961இல்தான் மாற்றியது. இப்படிப்பட்டவர்களை அரசாங்க வேலையிலிருந்து நீக்கலாம் என்று ஜனாதிபதி ஐசனோவர் 1953இல் போட்ட ஆணை நடைமுறையில் இருந்தது. என் துறையைக் கேட்டால் இன்னும் மோசம். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது, 1973 டிசம்பர் வரை வைத்திருந்தது. குற்றவாளி என்றது சட்டம், நோயாளி என்றது மருத்துவம், பாவி என்றது சபை.

வூட் 1923இல் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலியில் சண்டையிட்டுக் காயப்பட்டவர். 1951இல் குருப்பட்டம் பெற்றார். நூலில் அவர் கேட்டவை இன்றைக்கும் பல சபைகளில் கேட்க முடியாதவை. இவர்களைச் சபை வரவேற்க வேண்டும். இவர்களுடைய இணைவாழ்வை ஆசீர்வதித்துத் திருமணம் செய்துவைக்க வேண்டும். தகுதியுள்ளவர்களுக்குக் குருப்பட்டமும் கொடுக்கவேண்டும். இதெல்லாம் 1960இல்!

ஆனால் அந்த நூலில் ஒரு சொல் இல்லை. தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் 'அவர்கள்' என்றுதான் வூட் எழுதினார். தானும் அவர்களில் ஒருவன் என்று எழுதவில்லை. அக்கறையுள்ள ஒரு போதகர் பிறருக்காகப் பரிந்து பேசுவதாகத்தான் வாசிக்கிறவருக்குத் தோன்றும்.

கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1965 முதல் ஒவ்வொரு ஜூலை 4ஆம் தேதியும் பிலடெல்பியாவில் சுதந்திர மண்டபத்துக்கு முன்னால் ஒரு சிறு கூட்டம் பதாகைகளோடு வட்டமாக நடந்தது. ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் பாவாடையும்தான் அணிய வேண்டும் என்பது ஏற்பாட்டாளர்கள் வகுத்த விதி. வேலைக்கு எடுக்கத் தகுந்தவர்களாகத் தெரிய வேண்டுமல்லவா! அந்தக் கூட்டத்தோடு வூட் குருமாரின் வெள்ளைக் கொலரை அணிந்துகொண்டு நடந்தார். வாயால் சொல்லாததைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1962இல் அவர் ஹியூ கோல்ட்டர் என்ற ஓவியரைச் சந்தித்தார். 1989இல் கோல்ட்டர் இறக்கும்வரை 27 வருஷங்கள் இருவரும் இணையாக வாழ்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்கு இதை வாசித்ததும் வேறு எதுவும் நினைவுக்கு வராது, அனுமதிப் படிவம்தான் வரும். 'நெருங்கிய உறவினர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'நண்பர்' என்று எழுதிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்ட ஒரு முதியவரை நான் பார்த்திருக்கிறேன். கட்டிலில் கிடந்தவரின் பல்செட்டை எந்தக் கண்ணாடிக் குவளையில் வைக்கவேண்டும் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி, கொங்கிரிகேஷனல் என்றால் என்ன? யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் வேர் உள்ளவர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்கன் மிஷன், வட்டுக்கோட்டை செமினரி, உடுவில் மகளிர் பாடசாலை, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த டொக்டர் கிறீன், 1834இல் தொடங்கிய மதுரை மிஷன், எல்லாமே பொஸ்டனிலிருந்த ஒரே சங்கம் அனுப்பியவை. அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் கொங்கிரிகேஷனல்காரர்கள். அமெரிக்காவில் அவர்களுடைய சபைகள் 1957இல் இன்னொரு திருச்சபையோடு சேர்ந்து 'யுனைடெட் சர்ச் ஆஃப் கிரைஸ்ட்' ஆயின.

இவர்களுக்குப் பேராயர் கிடையாது. தன் போதகரை ஒவ்வொரு சபையும் தானே கூடி அழைத்துக்கொள்ளும். குருப்பட்டம் கொடுக்கலாமா என்பதை அந்தப் பகுதிச் சபைகளின் சங்கம் வாக்கெடுத்துத் தீர்மானிக்கும். மேலிருந்து ஒரு கடிதம் வந்து ஒருவரைத் தூக்கிவிட முடியாது. அதேபோல, மேலிருந்து ஒரு கடிதம் வந்து ஒருவரை ஏற்கச் செய்யவும் முடியாது. இந்த இரண்டாவதை மறந்துவிடாதீர்கள், கதையின் பின்பாதி அதில்தான் தங்கியிருக்கிறது.

வில்லியம் ஜோன்சன் 1946இல் டெக்சஸில் பிறந்தவர். கலிபோர்னியாவில் பேர்க்லி நகரிலுள்ள பசிபிக் இறையியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். 1970 நவம்பரில் அங்கே தன்பாலீர்ப்பு பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. வழக்கம்போல எல்லோரும் 'அவர்களை'ப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். ஜோன்சன் எழுந்து, தானும் ஒருவன் என்று சொன்னார். வூட்டின் நூல் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது.

சன் கார்லோஸ் என்ற சிற்றூரின் சபையில் அவர் ஏற்கெனவே ஊழியம் செய்துகொண்டிருந்தார். அந்தச் சபை அவர் பக்கம் நின்றது. பகுதிச் சங்கம் 1972 ஏப்ரல் 30இல் கூடி விசாரித்தது. இந்த நிகழ்வுகளை மைக்கல் ரோட்ஸ் என்பவர் 1973இல் ஆவணப்படமாக்கினார். அந்த விவாதத்தில் என் மனதில் நிற்பது ஒரு பெண்மணியின் கேள்வி. வேதவசனம் கேட்கவில்லை அவர். ஒரு போதகருக்கு மனைவி தேவையில்லையா என்று கேட்டார். எங்கள் ஊர்ச் சபைகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் விளங்கும். ஞாயிறுபள்ளி, மாதர் சங்கம், வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி, எல்லாவற்றையும் சம்பளமில்லாமல் பார்ப்பது போதகரின் மனைவிதானே! தனக்கு மனைவி தேவையில்லை என்றும், ஒருநாள் இன்னொரு ஆணோடு ஆழ்ந்த அன்பைப் பகிர்ந்து வாழ விரும்புவதாகவும் ஜோன்சன் பதில் சொன்னார். சுற்றிவளைத்துப் பேசவில்லை. வாக்குக்காகக் காத்திருக்கும் ஒருவர், அதுவும் இருபத்தைந்து வயதில், அப்படிச் சொன்னார்.

வாக்கெடுப்பில் 62 பேர் ஆம் என்றார்கள், 34 பேர் இல்லை என்றார்கள். ஜூன் 25ஆம் தேதி சன் கார்லோஸில் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கப்பட்டது. தன்னை மறைக்காத ஒரு தன்பாலீர்ப்பாளருக்கு அமெரிக்காவின் பெருஞ்சபை ஒன்று குருப்பட்டம் கொடுத்தது அதுவே முதல்தடவை. அன்றைக்குக் கலிபோர்னியாச் சட்டப்படி அவர் குறிப்பிட்ட அன்பு குற்றம்தான். அங்கே சட்டம் திருந்தியது 1975இல். உளமருத்துவப் பட்டியலில் அது நோய்தான். இந்த ஒரு விஷயத்தில் சட்டத்தையும் மருத்துவத்தையும் விட ஒரு சபைச் சங்கம் முந்திக்கொண்டது. மருத்துவத் துறையில் இருக்கிற எனக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கதையை இங்கே நிறுத்தினால் கைதட்டலாம். ஆனால் குருப்பட்டம் கிடைத்த ஜோன்சனைத் தங்கள் போதகராக அழைக்க எந்தச் சபையும் முன்வரவில்லை. மேலிருந்து ஆணையிட்டு அவரை ஒரு சபையில் அமர்த்தவும் வழியில்லை. 62 கைகள் உயர்ந்தன, பிரசங்க மேடை ஒன்றுகூட வரவில்லை. 'அவர்கள்' என்று எழுதிய வூட்டோ முப்பது வருஷங்களுக்கு மேல் சபைப் போதகராகவே இருந்து ஓய்வுபெற்றார். 2018இல், 95ஆவது வயதில், காலமானார்.

தனக்குச் சபை இல்லாத ஜோன்சன் சபையை விட்டும் போகவில்லை. 1972இலேயே திருச்சபைக்குள் தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஓர் அமைப்பைத் தொடங்கினார். பின்னாளில் தேசிய அலுவலகத்தில் எயிட்ஸ் ஊழியத்தைக் கவனித்தார். எயிட்ஸ் வந்த ஆரம்ப வருஷங்களில் சாப்பாட்டுத் தட்டை அறை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று மூத்த தாதிமார் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அந்த அறைக்குள் ஒரு போதகர் போவது எவ்வளவு பெரிய காரியம்! 1985இல் ஐயோவாவில் கூடிய பொது சினோட், எல்லோரையும் வெளிப்படையாக வரவேற்கும் சபைகளாக மாறும்படி தன் சபைகளைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொள்ளத்தான் முடியும், கட்டளையிட முடியாது என்பது உங்களுக்கு இப்போது தெரியும். ஒவ்வொரு சபையும் தனித்தனியாகக் கூடி, அந்தப் பெண்மணி கேட்டதுபோன்ற கேள்விகளை மறுபடி மறுபடி கேட்டு, தனித்தனியாக வாக்களித்தது. அது இன்னும் முடியவில்லை.

இந்த உரைக்குக் குறிப்பெடுக்கத் தொடங்கிய வாரம் அந்தப் பிள்ளைக்கு ஃபோன் எடுத்தேன். பழைய இலக்கம்தான், எடுத்தான். "என்ன அன்ரி, கரோலுக்கு வாசிக்க ஆள் இல்லையா?" என்று கேட்டான். இல்லையடா, சும்மாதான் எடுத்தேன் என்றேன். கொஞ்சநேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அம்மாவின் முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டான்.