மொழி தேடிய பயணங்கள்: துலைதுலா முதல் கர்னாத்தா வரை

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவிற்கு வந்த பின்னர், இளைஞரான ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை அழைத்து, யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்தார்கள். அரை மாதம் கழிவதற்குள் அவர் அதில் தேர்ச்சி பெற்றார். யூதர்களுக்கு மடல் எழுதவும், அவர்களிடமிருந்து வரும் மடல்களைப் படித்துக் காட்டவும் வல்லவரானார். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. குறுகிய காலத்தில், தெளிவான குறிக்கோளுடன் பிறர் மொழியைப் பயிலுதல் நம் மரபுக்குப் புதிதன்று என்பதற்கு இது ஒன்றே போதிய சான்றாகும். திருக்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம், 22ஆம் வசனத்தில், மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகக் கூறுகிறது. அத்தாட்சியைச் சிந்திப்பது கடமையெனின், பிறமொழி பயில்வதும் அச்சிந்தனையின் ஒரு கூறேயாகும்.

இன்று உலகில் மொழி பயில்வதற்காக மாணவர் பெரிதும் நாடிச் செல்லும் நாடுகளுள் ஸ்பெயின் ஒன்று. ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் ஐரோப்பிய, அமெரிக்க மாணவர்கள் சலமான்கா, கிரனாடா முதலிய நகரங்களுக்கு வந்து சில வாரங்கள் தங்குகின்றனர். உள்ளூர்க் குடும்பங்களில் தங்கி, காலையில் வகுப்பு, மாலையில் நகர்வலம் என்று அவர்தம் நாட்கள் கழிகின்றன. இவ்வழக்கம் நிறுவன வடிவம் பெற்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. மத்ரிதின் வரலாற்று ஆய்வு மையம் அயல்நாட்டாருக்கான கோடை வகுப்புகளை 1912இல் தொடங்கியது. சரகோசாப் பல்கலைக்கழகம் ஹாக்கா என்னும் மலையூரில் 1927இல் கோடைப் பயிலகம் அமைத்தது.

அம்மாணவர் முதல் வாரத்திலேயே கற்கும் சொற்களைக் கவனிப்போம். சர்க்கரைக்கு 'அஸுகார்', எண்ணெய்க்கு 'அஸெய்தே', அரிசிக்கு 'அர்ரோஸ்', வாய்க்காலுக்கு 'அஸேகியா', 'வரை' என்னும் பொருளுக்கு 'அஸ்தா'. இவை முறையே அஸ்ஸுக்கர், அஸ்ஸைத், அருஸ்ஸ், அஸ்ஸாகியா, ஹத்தா என்னும் அரபுச் சொற்களே. நகரத் தலைவரை அவர்கள் 'அல்கால்தே' என்பர்; அது நம் ஊர்க் காழியாரின் பெயர்தான். நல்லதொன்று நடக்க வேண்டுமென விழையும்போது ஸ்பானியர் 'ஓஹலா' என்பர். அல்லாஹ் நாடினால் என்னும் கருத்துள்ள அரபுத் தொடரின் சிதைவு அது. கிளைச் சொற்களையும் சேர்த்தெண்ணினால் ஸ்பானிய மொழியில் அரபு வழி வந்தவை ஏறத்தாழ 4,000 என்று மொழியறிஞர் கணக்கிட்டுள்ளனர்.

ஆயினும் நாம் இங்கு ஆராய விழைவது சொற்களையன்று, பயணத்தையே. மொழி கற்பதற்கென்றே அயல்நாட்டு மாணவர் ஸ்பெயினுக்கு வருவது இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய வழக்கமன்று. அது ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையுடையது. அன்று அவர்கள் நாடி வந்த மொழி அரபு.

துலைதுலாவின் மாணவர்கள்

அரபியர் துலைதுலா என்றழைத்த தொலேதோ நகரம் கி.பி. 1085இல் ஆறாம் அல்ஃபோன்ஸோ மன்னரின் கைக்கு மாறியது. ஆட்சி மாறினும் நூல்கள் அழியவில்லை. அரபு பேசிய மக்களும் அகலவில்லை. அரபு மொழியே வழக்காகக் கொண்ட 'முஸ்தஃரிப்' கிறிஸ்தவர்களும், யூதர்களும், முஸ்லிம்களும் அங்கு வாழ்ந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இத்தாலி, இங்கிலாந்து முதலிய நாடுகளிலிருந்து கல்வி வேட்கையுள்ளோர் அந்நகரை நோக்கி வரத் தொடங்கினர்.

அவர்களுள் தலையாயவர் இத்தாலியின் கிரமோனா நகரைச் சேர்ந்த ஜெரார்து (1114–1187). தாலமியின் வானநூலாகிய அல்மஜஸ்தீ லத்தீனில் கிடைக்காமையால் அதைத் தேடி அவர் துலைதுலா சென்றார். அங்கு ஒவ்வொரு கலையிலும் குவிந்து கிடந்த அரபு நூல்களைக் கண்டு, தம் மக்களின் வறுமைக்கு இரங்கி, அவற்றைப் பெயர்க்கும் பொருட்டு அரபு கற்றார் என்று அவர்தம் மாணவர் எழுதி வைத்துள்ளனர். ஒரு நூலைத் தேடி வந்தவர் எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களைப் பெயர்த்தார். இப்னு ஸீனாவின் அல்கானூன், அல்குவாரிஸ்மியின் இயற்கணிதம், அஸ்ஸஹ்ராவியின் அறுவை மருத்துவம் ஆகியவை அவற்றுள் அடங்கும். பின்னர்ப் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவ மாணவர் ஓதிய அல்கானூன், இந்த ஒரு மொழி மாணவரின் உழைப்பால் அவர்களை அடைந்ததாகும்.

இங்கிலாந்திலிருந்து வந்த மோர்லி ஊரின் தானியேல் என்பாரும் குறிப்பிடத்தக்கவர். அவர் முதலில் பாரிஸ் நகரில் கற்கச் சென்றார். அங்கிருந்த ஆசிரியர்கள் கனத்த ஏடுகளை முன்வைத்துக்கொண்டு வாய் திறவாது வீற்றிருந்ததைக் கண்டு சலிப்புற்றார். அரபியரின் கல்வி துலைதுலாவில் சிறந்து விளங்குவதைக் கேள்வியுற்று அங்கு விரைந்தார். நூற்சுமையுடன் தாயகம் மீண்டார். ஜெரார்து அல்மஜஸ்தீயைப் பெயர்த்தபோது காலிப் என்னும் முஸ்தஃரிப் ஒருவர் உடனிருந்து உதவினார் என்னும் செய்தியை நமக்கு அளிப்பவரும் இவரே. வந்த மாணவரின் பெயர் நூல்களில் பொறிக்கப்பட்டது. சொல்லுக்குச் சொல் பொருள் உரைத்த உள்ளூர் ஆசானைப் பற்றி நமக்குக் கிடைப்பதோ பெயரளவிலான செய்திதான்.

நோக்கம் மாறியபோது

எல்லா மாணவரும் ஒரே நோக்கத்துடன் வரவில்லை. கெட்டன் ஊரின் ராபர்ட் என்னும் ஆங்கிலேயர் வானியல் கற்பதற்காகவே ஸ்பெயினில் தங்கியிருந்தார். 1142இல் அங்கு வந்த குளூனி மடத்தின் தலைவர் பீட்டர், அவரைப் பொருள் கொடுத்து அமர்த்தித் திருக்குர்ஆனை லத்தீனில் பெயர்க்கச் செய்தார். 1143இல் நிறைவுற்ற அதுவே குர்ஆனின் முதல் லத்தீன் பெயர்ப்பாகும். அறிவதற்காக அன்றி, மறுப்பதற்காகவே அது செய்யப்பட்டது.

மயோர்க்காத் தீவின் ராமோன் லுல் வரலாறு இன்னும் துயரமானது. அவர் அரபு கற்பதற்கென முஸ்லிம் அடிமை ஒருவரை விலைக்கு வாங்கி ஒன்பது ஆண்டுகள் பாடம் கேட்டார். இருவருக்கும் சமயம் பற்றி மூண்ட பூசலில் லுல் அவரை அடித்தார், அடிமை கத்தியால் தாக்கினார், சிறையிடப்பட்டார், அங்கேயே தூக்கிட்டு மாண்டார். லுல்லின் வாழ்வைச் சொல்லும் அக்கால நூலே இதனை உரைக்கிறது. ஆசிரியர் அடிமையாகவும் மாணவர் உடைமையாளராகவும் இருந்த கல்வியின் முடிவு இது. பின்னர் 1276இல் லுல்லின் முயற்சியால் மிராமார் என்னுமிடத்தில் 13 துறவியர் அரபு பயில மடமொன்று அமைந்தது. 1311–12இல் கூடிய வியன் திருச்சபை மாமன்றம் பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு, போலோஞா, சலமான்கா ஆகிய கல்வி நிலையங்களில் அரபு கற்பிக்க வேண்டுமென விதித்தது. இன்று கோடை மாணவர் குழுமும் சலமான்காவுக்கு அன்று விதிக்கப்பட்ட பாடங்களுள் அரபும் ஒன்று என்பதை நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

கர்னாத்தா 1492இல் வீழ்ந்தது. அதன் முதல் பேராயர் தலவேரா, தம் பாதிரியாரை அரபு கற்குமாறு வலியுறுத்தினார். அந்நோக்கிற்காகப் பெத்ரோ தே அல்காலா என்பார் இயற்றிய அரபு இலக்கணமும் அகராதியும் 1505இல் அச்சேறின. கர்னாத்தா மக்கள் வீதியில் பேசிய அரபு எத்தகையது என்பதை இன்று நாம் அறிவதற்கு அந்நூல்கள் பெருந்துணையாவது வரலாற்றின் விந்தை. ஆனால் தலவேராவின் பொறுமை நீடிக்கவில்லை. கர்தினால் சிஸ்னெரோஸ் கட்டாய மதமாற்றத்தைத் தொடங்கினார். பாபுர் ரம்லா சதுக்கத்தில் அரபு நூல்கள் எரிந்தன.

மூன்றாண்டுக் கெடு

1567ஆம் ஆண்டின் முதல் நாளில் கர்னாத்தாவில் இரண்டாம் ஃபிலிப்பின் ஆணை பறைசாற்றப்பட்டது. மோரிஸ்கோக்கள் எனப்பட்ட, மதம் மாற்றப்பட்ட முஸ்லிம்கள் மூன்றாண்டுக்குள் கஸ்தீலிய மொழியைக் கற்றுவிட வேண்டும். அதன்பின் வெளியிலோ வீட்டிலோ அரபு பேசுதலும் எழுதுதலும் படித்தலும் குற்றம் என்று அது விதித்தது.

அதனை எதிர்த்து ஃபிரான்சிஸ்கோ நூன்யெஸ் முலேய் என்னும் முதியவர் கர்னாத்தாவின் உயர்மன்றத் தலைவருக்கு விண்ணப்பம் எழுதினார். மொழி வேறு, மார்க்கம் வேறு என்பதே அவர் வாதத்தின் உயிர். எகிப்திலும் சிரியாவிலும் மால்ட்டாவிலும் உள்ள கிறிஸ்தவர் அரபு பேசியும் கிறிஸ்தவராகவே உள்ளனர் என்று சுட்டினார். மலைச் சிற்றூர்களில் பிறந்து வளர்ந்த முதியோர் தாய்மொழியை விட்டு வேற்றுமொழியை எங்ஙனம் கற்பர் என்று வினவினார். இளமையில் தலவேராவிடம் பணியாளராக இருந்த அவர், அப்பேராயர் திருப்பலியிலேயே அரபுத் தொடரொன்றைக் கூறியதையும் நினைவூட்டினார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. 1568இல் அல்புஷர்ராத் மலைகளில் மூண்ட கிளர்ச்சி 1571 வரை நீடித்து அடக்கப்பட்டது. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் மோரிஸ்கோக்கள் நாடு கடத்தப்பட்டனர். 1605இல் வெளிவந்த 'தொன் கிஹோத்தே' புதினத்தில், கதைசொல்லி துலைதுலாவின் கடைத்தெருவில் அரபுக் கையேடு ஒன்றை வாங்கி, மோரிஸ்கோ ஒருவரைக் கொண்டு பெயர்க்கச் செய்கிறார். நான்கு ஆண்டுகளில் வெளியேற்றம் தொடங்கிவிட்டது.

விரும்பிச் செல்வோருக்குச் சில வாரங்களிலேயே இனிக்கத் தொடங்கும் ஒரு மொழி, ஆணையால் திணிக்கப்பட்டவர்க்கு மூன்றாண்டிலும் கைகூடவில்லை. மொழி கற்றலின் முதல் விதி இங்கே புலனாகிறது. விருந்தினராக நுழைவோர்க்கே மொழி தன் கதவைத் திறக்கிறது.

எழுத்தில் எஞ்சிய நினைவு

இனி, நம் சமுதாயத்திற்கு மிக நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. கஸ்தீலியாவின் முஸ்லிம்கள் கர்னாத்தா வீழ்வதற்கு முன்பே அரபை மெல்ல மறந்துவிட்டனர். ஷகூபிய்யா எனப்பட்ட செகோவியாவின் முஃப்தி ஈஸா அவர்கள், அரபறியா மக்களுக்காக மார்க்கச் சட்டச் சுருக்கத்தைக் கஸ்தீலிய மொழியிலேயே 1462இல் எழுதினார். அவ்வழியில் தொழுகை, நோன்பு, நபிமார் வரலாறு பற்றிய ஸ்பானிய மொழி நூல்கள் அரபு எழுத்தில் எழுதப்பட்டன. இவ்வகை இலக்கியம் 'அல்ஹமியாதோ' எனப்படும். 1884இல் சரகோசாவை அடுத்த அல்மொனாசித் என்னும் ஊரில், பழைய வீடொன்றின் இரட்டைத் தளத்தின் இடையே ஒளித்து வைக்கப்பட்ட இத்தகைய ஏடுகள் வெளிப்பட்டன. சில ஏடுகள் அறியாதவர் கையில் எரிந்தன. எஞ்சியவை மத்ரித் சேர்ந்தன.

அரபுத்தமிழ் ஏடுகளைக் கண்டு வளர்ந்த நமக்கு அவை அந்நியமல்ல. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) 'ஃபத்ஹுத் தய்யான்' நூலை இயற்றியதும் தாய்மொழியில் மார்க்கம் விளங்க வேண்டும் என்னும் இதே தேவையினாற்றான். ஆயின் வேறுபாடொன்று உண்டு. நம் முன்னோர் அரபையும் ஓதித் தமிழையும் வளர்த்து, இரண்டையும் ஓரெழுத்தில் இணைத்தனர். அங்கோ, மொழி பறிபோன பின்னர் எஞ்சிய எழுத்தைப் பற்றிக்கொண்டனர். நம்முடையது இணைப்பு, அவர்களுடையது இழப்பின் எச்சம்.

நாம் கருத வேண்டியது

அந்தலூஸ் பற்றி எழுதும்போது கண்ணீருடன் முடிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அக்கண்ணீர் நியாயமானதே, ஆயினும் அது முழு வரலாறன்று. வடநாட்டார் அணியணியாக வந்து அரபு கற்றபோது, அந்தலூஸின் அறிஞர் லத்தீன் கற்க வடக்கே சென்றதற்குச் சான்றுகள் மிக அரிது. ஒரோசியுஸின் வரலாற்று நூல் குர்துபாவில் அரபாக்கம் பெற்றது. இப்னு கல்தூன் அதனைப் பயன்படுத்தினார். இத்தகைய விதிவிலக்குகள் சிலவே. அஞ்ஞான்று அங்கே கற்பதற்கு யாதுள்ளது என்னும் எண்ணம் இயல்பானதாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் பிறர் மொழியை அறியாத சமுதாயம், பிறர் தம்மைப் பற்றி என்ன எழுதுகின்றனர் என்பதையும் அறியாது போகும். மதீனாவில் ஸைத் (ரலி) அவர்களுக்கு இடப்பட்ட பணியின் நுட்பம் இதுவே.

அரபுக் கல்லூரிகளில் ஏழாண்டு பயிலும் நம் மாணவர் நஹ்வு, ஸர்ஃபு நூல்களில் சிறந்து விளங்குகின்றனர். ஆயினும் அரபியரோடு ஒரு நாழிகை உரையாட நேரின் தயங்குவோர் பலர். ஏட்டில் கற்ற மொழி வாழும் மக்களிடையே சென்றால்தான் நாவில் அமரும். கோடை விடுமுறையின் சில வாரங்களையேனும் அதற்கென ஒதுக்குதல் இயலாததன்று. அரபு ஒன்றே போதும் என்று அமைதலும் தகாது. ஸ்பானியமோ, பாரசீகமோ, துருக்கியமோ கற்று அம்மொழிகளில் உறங்கும் நம் வரலாற்றை நாமே படித்தறிதல் வேண்டும். அல்ஹமியாதோ ஏடுகளையும் அரபுத்தமிழ் ஏடுகளையும் அருகருகே வைத்து ஒப்பாய்வதற்கு நம்மவரினும் தகுதியுடையார் யார்?

கர்னாத்தாவின் அல்பைஸீன் மேட்டில் சாப்பிஸ் இல்லம் என்னும் பழைய வீடு உள்ளது. அது பதினாறாம் நூற்றாண்டின் மோரிஸ்கோ குடும்பத்தாருக்கு உரியதாயிருந்தது. அரபு பேசுதல் குற்றமென ஆணையிட்ட அதே நகரில், 1932இல் ஸ்பானிய அரசு அரபு ஆய்வுப் பள்ளி ஒன்றை நிறுவி, அவ்வீட்டையே அதற்கு இடமாக்கியது. அதன் முதல் இயக்குநரான எமிலியோ கார்ஸியா கோமஸ், 1927இல் உதவித்தொகை பெற்று எகிப்து சென்று அரபு பயின்றவர். ஜெரார்து தெற்கே வந்ததுபோல் அவர் கிழக்கே சென்றார். விரட்டப்பட்ட மொழி, அந்நாட்டு மாணவர் ஒருவரின் பயணத்தால் மோரிஸ்கோ வீட்டுக்கே மீண்டும் வந்து சேர்ந்தது. ஆணைகளால் நாவுகளை அடக்க முடிந்தது. கற்கும் வேட்கையை அடக்க முடியவில்லை. அவ்வேட்கை நம் மாணவரிடத்திலும் பெருக அல்லாஹ் அருள்புரிவானாக.