திறந்த தரவில் மலேசியா முதலிடம்: தோட்டத்துக் கணக்கு எங்கே?

மலாக்கா – அரசாங்கங்கள் தங்கள் புள்ளிவிவரங்களை எந்த அளவுக்கு மக்கள் முன் வைக்கின்றன என்று அளக்கும் 'ஒடின்' மதிப்பீட்டில், 2024/25-ஆம் ஆண்டுப் பட்டியலில் மலேசியா உலகின் முதலிடத்தைப் பிடித்தது. மற்ற 197 நாடுகளும் அதற்குப் பின்னால்தான். அதற்கு முந்திய 2022/23 பட்டியலில் மலேசியா 67-ஆவது இடத்தில் இருந்தது. புக்கிட் காத்திலிலோ ஜாசினிலோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இதனால் என்ன தெரிய வரும், என்ன தெரியாது என்பதைப் பார்க்க, முதலில் அந்த மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒடின் மதிப்பீட்டை நடத்துவது அமெரிக்காவின் வாஷிங்டனில் இயங்கும் 'ஓபன் டேட்டா வாட்ச்' என்ற இலாப நோக்கற்ற அமைப்பு. 2015 முதல் இது வெளிவருகிறது. இப்போது ஈராண்டுக்கு ஒரு முறை வருகிறது. மக்கள்தொகை, கல்வி, சுகாதாரம், வேலை, விலைவாசி, சுற்றுச்சூழல் எனப் பல பிரிவுகளில் அரசு வெளியிடும் எண்களைத் தேடி எடுத்து, இரண்டு பக்கம் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். எண்கள் இருக்கின்றனவா என்பது ஒரு பக்கம். கடந்த 5 ஆண்டுகளுக்கு உண்டா, 10 ஆண்டுகளுக்கு உண்டா, மாநில வாரியாகப் பிரிக்கப்பட்டுள்ளதா, மாவட்ட வாரியாகவும் உண்டா என்பதெல்லாம் இதில் அடங்கும். அந்த எண்களை எடுத்துப் பயன்படுத்த முடியுமா என்பது மறுபக்கம்.

பெரும்பாலான நாடுகள் சறுக்குவது இந்த மறுபக்கத்தில்தான். ஓர் அட்டவணையை அச்சடித்து, அதைப் படம் பிடித்து பிடிஎஃப் கோப்பாக அகப்பக்கத்தில் போட்டுவிட்டால், வெளியிட்டுவிட்டோம் என்று துறை சொல்லிக்கொள்ளலாம். கணினியால் அதைக் கூட்டவோ ஒப்பிடவோ முடியாது. ஆகவே மதிப்பெண்ணும் கிடையாது. அதே அட்டவணை சிஎஸ்வி கோப்பாக, என்ன அளந்தார்கள், எப்போது அளந்தார்கள் என்ற விளக்கத்தோடு, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வந்தால் முழு மதிப்பெண். மலேசியப் புள்ளிவிவரத் துறை தன் 'ஓபன்டோசம்' அகப்பக்கத்தில் செய்தது இதைத்தான்.

திறந்த தரவை அளக்க முயன்றது ஒடின் மட்டுமல்ல. 'ஓபன் நாலெட்ஜ்' அமைப்பின் உலகத் திறந்த தரவுக் குறியீடு 2016/17 பட்டியலில் தைவானுக்கு முதலிடம் தந்ததோடு நின்றுபோனது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே நாட்டின் இடம் மாறும். எந்தப் பட்டியலையும் அந்த நினைப்போடுதான் படிக்க வேண்டும்.

இனி உள்ளூருக்கு வருவோம். புள்ளிவிவரத் துறையின் 'காவாசான்கு' பக்கத்தில் மாநிலம், மாவட்டம், நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி என எதைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த வட்டாரத்தின் மக்கள்தொகை, வயது, இனம், குடும்ப வருமானம் போன்ற விவரங்கள் திரையில் வரும். 2020 மக்கள் கணக்கெடுப்பு அதற்கு அடிப்படை. கைப்பேசி போதும், கட்டணம் இல்லை. புக்கிட் காத்தில் என்று தேடுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெயரில் இப்போது இருப்பது சட்டமன்றத் தொகுதி மட்டுமே. முன்பு புக்கிட் காத்தில் என்று இருந்த நாடாளுமன்றத் தொகுதி 2018 முதல் ஹாங் துவா ஜெயா ஆகிவிட்டது. பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒப்பிடுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

திரையில் 'இந்தியர்' என்று ஒரு வரி வரும். தமிழர் என்று தனியாக வராது. தோட்டம் என்று ஒரு பிரிவும் வராது. நகர்ப்புறம், கிராமப்புறம் என்ற இரண்டே பிரிவுகள்தாம். 1947-இல் மலாயாவில் எடுத்த கணக்கெடுப்பில் தமிழர், தெலுங்கர், மலையாளி என்று பிரித்து எண்ணினார்கள். வெள்ளைக்காரனுக்குத் தோட்டத்து ஆள் கணக்கு தேவைப்பட்டது, எண்ணினான். இன்று தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள், நகர்ப்புறச் சராசரிக்குள் கரைந்துவிட்டன.

இதன் விளைவு சிறியதல்ல. 2019 குடும்ப வருமான ஆய்வின்படி நாட்டின் இடைநிலை மாத வருமானம் 5,873 ரிங்கிட். இந்தியக் குடும்பங்களுடையது 5,981 ரிங்கிட். எண்ணை மட்டும் பார்ப்பவர், இந்தியர்கள் நாட்டு நிலைக்குச் சற்று மேலேயே இருக்கிறார்கள், உதவி எதற்கு என்று கேட்கலாம். வழக்கறிஞரும் மருத்துவரும் பால்மரம் சீவியவரின் பிள்ளையும் அந்த ஒரே வரிக்குள் இருக்கிறார்கள். எண் பொய்யில்லை. பிரித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

ஒடின் இதற்கு மதிப்பெண் குறைக்காது. மாவட்டத்துக்குக் கீழே அது இறங்குவதில்லை. எண்கள் சரியாக எடுக்கப்பட்டவையா என்றும் சோதிப்பதில்லை. அகப்பக்கம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருக்கிறது, தமிழில் இல்லை என்பதும் அதன் கணக்கில் வராது.

எண்களைத் திறந்து வைப்பது ஏன் உயிர்ப் பிரச்சினை என்பதற்கு மலேசியாவிலேயே சான்று உண்டு. 1997 புகைமூட்டத்துக்குப் பிறகு காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டு எண்களை அரசாங்கம் பொதுமக்களுக்கு வெளியிடுவதை நிறுத்தியது. சுற்றுப்பயணிகள் வரமாட்டார்கள் என்ற கவலை. அளக்கும் கருவிகள் இருந்தன, எண்களும் இருந்தன. ஆஸ்துமா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று யோசித்த தாய்க்கு மட்டும் அவை தெரியவில்லை. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்குப் புகை முற்றியபோதுதான் எண்கள் மறுபடி வெளியே வந்தன. இன்று மணிக்கு மணி கைப்பேசியில் பார்க்கிறோம்.

அப்படி மறைக்க இடம் தந்த 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. பினாங்கும் சிலாங்கூரும் தகவல் சுதந்திரச் சட்டங்களை மாநில அளவில் இயற்றியிருக்கின்றன. மலாக்காவில் அப்படி ஒன்று இல்லை. 2025-இல் நடப்புக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டம் கூட்டரசுத் துறைகள் தங்களுக்குள் தரவைப் பரிமாறிக்கொள்வதற்கானது; பொதுமக்கள் கேட்டுப் பெறுவதற்கானது அல்ல. அகப்பக்கத்தில் இருப்பதைத் தாராளமாக எடுக்கலாம். இல்லாததைத் தா என்று கேட்கும் சட்ட உரிமை வேறு.

தோட்டத்து எண் அடியோடு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மக்கள் கணக்கெடுப்பின்போது நாடு முழுவதும் சிறு வட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு வட்டத்தில் ஏறத்தாழ 80 முதல் 120 வீடுகள். ஒரு நடுத்தரத் தோட்டத்தின் லயங்கள் அத்தனைதான் இருக்கும். குறிப்பிட்ட வட்டங்களைக் கூட்டினால் ஒரு தோட்டத்தின் கணக்கு வந்துவிடும். தனியொருவரை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிட 1965-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டம் தடை விதிக்கிறது. பெயர் இல்லாத கூட்டுத்தொகைக்கு அந்தத் தடை பொருந்தாது. புள்ளிவிவரத் துறைக்கு மலாக்காவிலும் மாநில அலுவலகம் உண்டு. மாநிலத்தின் 21 தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களோ கோயில் நிர்வாகங்களோ எந்த வட்டாரம், எந்த ஆண்டு, எந்த விவரம் என்று குறிப்பிட்டு அங்கே எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம்.