வீட்டுத் தையலும் அதன் சொற்களும்: 1950களும் 1960களும்

1950களிலும் 1960களிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள் பலர் தம் ரவிக்கையையும் பெண்மக்களின் பாவாடை சட்டையையும் வீட்டிலேயே தைத்துக்கொண்டனர். சிக்கனம் ஒரு காரணம். ஆடவரான தையற்காரரிடம் உடலளவு கொடுக்கும் கூச்சம் இன்னொரு காரணம். இவற்றுக்கும் மேலாக, அத்தலைமுறை துணிப் பஞ்சத்தைக் கண்ட தலைமுறை. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் சாக்கைக்கூட உடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. கிழிந்ததைப் பிரித்து, கிழியாத பகுதியை வெட்டி, வேறோர் உடையாக்கும் பழக்கம் போர் முடிந்த பின்னும் அவர்களை விட்டு நீங்கவில்லை. பழைய சேலையை எறிந்த பெண்மணி எவரையும் என் சிறுவயதில் நான் கண்டதில்லை. அது தூளியாகும், பிறகு தலையணை உறையாகும், இறுதியில் கரித்துணியாகும்.

சிங்கர் தையல் இயந்திரத்தைத் தவணைமுறையில் வாங்க முடிந்தது பெரிய வசதி. கையால் சுழற்றுவது கை மிசின். மிதிப்பது கால் மிசின். துணி வாங்கச் சிங்கப்பூரில் அரபுத் தெருவுக்கும் சிராங்கூன் சாலைக்கும், கோலாலம்பூரில் பத்து ரோட்டுக்கும் சென்றனர். துணி அன்று கெஜக் கணக்கில் விற்கப்பட்டது. மலாய்க்காரக் கடைக்காரரிடம் அதையே ‘ஏலா’ என்று கேட்க வேண்டும். மல், பாப்ளின், ஆர்கண்டி, வாயில் எனத் துணிவகைகளின் பெயர்கள் எழுதப்படிக்கத் தெரியாத பெண்களுக்கும் மனப்பாடம். (முகத்திரையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த இந்த ‘வாயில்’ வேறு, நம் கதவு வாயில் வேறு என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.)

தைக்கும் முறையைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். நாடாவால் உடலை அளப்பது அரிது. நன்றாகப் பொருந்திய பழைய ரவிக்கை ஒன்று ‘அளவு ரவிக்கை’ என்ற பெயரோடு பெட்டியில் இருக்கும். அதைப் புதுத்துணியின் மேல் விரித்து, தேய்ந்த சோப்புத் துண்டால் கோடிட்டு, தையலுக்கு இரண்டு விரற்கடை விட்டு வெட்டுவர். கழுத்து இறக்கம், கை நீளம், இடுப்புச் சுற்று, கொக்கிப் பட்டி, சுருக்கு, பிசிர், ஓட்டுத் தையல் என ஒவ்வொன்றுக்கும் தெளிவான பெயர் உண்டு. எந்தப் பள்ளியும் கற்பிக்காத கலைச்சொற்கள் இவை.

இச்சொற்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். உடலை ஒட்டிய சொற்கள் பெரும்பாலும் தமிழ். கடலில் வந்தவை போர்த்துக்கீசியம்: பொத்தான் அவ்வாறு வந்தது. பொத்தான் துளையைக் குறிக்கும் காஜாவோ ‘வீடு’ எனப் பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தது. பொத்தான் நுழையும் வீடு! யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் பின்னல் சரிகையை ‘ரேந்தை’ என்றன. மலாயில் அது ‘ரெண்டா’. இரண்டுக்கும் மூலம் ஒன்றே என்பதை அறியாமலே அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் அச்சொல்லால் ஒருவரையொருவர் புரிந்துகொண்டனர். இயந்திரத்தின் உறுப்புகளும் பின்னர் வந்த நைலக்ஸ் போன்ற துணிகளும் ஆங்கிலப் பெயரோடு வந்தன. ரவிக்கை என்பதே தெலுங்கிலும் கன்னடத்திலும் சிறு வேறுபாட்டோடு வழங்கும் சொல். அதன் மேல் சாக்கெட்டும், பிறகு பிளவுசும் வந்து அமர்ந்தன.

பாணிகளும் இவ்வாறே கலந்தன. திரைப்படத்தில் கண்ட பஃப் கையை மறுவாரமே வெட்டிப் பார்த்தவர்கள் உண்டு. கை முழங்கை வரை இறங்கியது, பின்னர் ஏறியது. 1960களில் சிலர் கையையே விட்டுவிட்டனர், பாட்டிமார் முணுமுணுத்தனர். மலாக்காச் செட்டிப் பெண்களோ இவற்றுக்கெல்லாம் நெடுங்காலம் முன்பே கபாயாவும் சாரோங்கும் அணிந்து வந்தவர்கள். ‘தமிழ்ப் பெண்ணின் மரபுடை’ என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டுவோர் அவர்களை மறந்துவிடுகின்றனர்.

அயற்சொற்கள் புகுந்ததால் தமிழ் கெட்டது என்று சிலர் வருந்துவர். எனக்கு அவ்வருத்தம் இல்லை. பெயர்ச்சொல் எங்கிருந்து வந்தாலும், நம் வினைச்சொல் அதை ஏற்று ஆளும். காஜா எடுத்தார்கள், ரேந்தை வைத்தார்கள், பாபினில் நூல் சுற்றினார்கள். வினைகள் மறைவதே என் கவலை. பிரித்தல், கோத்தல், ஓரம் அடித்தல், இழையோட்டுதல், ஒட்டுப்போடுதல் என்று தனித்தனியே நின்ற செயல்கள் இன்று ‘ஆல்டர் பண்ணுதல்’ என்ற ஒன்றுக்குள் அடங்கிவிட்டன. வினை மறைவது தமிழுக்குப் புதிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். பழந்தமிழில் தைத்தலைக் குறித்த வினை ‘துன்னு’. பொருநராற்றுப்படையில் பொருநனின் கந்தல் ‘துன்னல்’ உடையது. சிலப்பதிகாரத்துப் புகாரில் துன்னகாரர் இருந்தனர். அவ்வினை வழக்கொழிந்தபோது அதன் இடத்தைத் ‘தை’ நிரப்பியது. இன்று மறையும் வினைகளின் இடத்தை நிரப்ப எதுவும் வரவில்லை, ஏனெனில் அச்செயல்களே வீட்டைவிட்டுப் போய்விட்டன. 1970களில் ஆயத்த ஆடைகள் பெருகின. வீட்டில் கற்ற தையலோடு பல பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். அங்கே ஒருவர் நாள் முழுவதும் கழுத்துப் பட்டியை மட்டுமே தைத்தார்.

கைலியின் இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பதற்கு ‘மூட்டுதல்’ என்று பெயர். துணிக்கடையில் வாங்கிய கைலியை அன்றிரவே மூட்டித் தருவார் என் தாயார். நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பில் ‘மூட்டாத கைலி’ என்று சொன்னபோது ஒருவருக்கும் விளங்கவில்லை. வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். மறுவாரம் இருவர் விடை கொண்டு வந்தனர். மற்றவர்களின் வீட்டில் கேட்பதற்குப் பாட்டி இல்லை.