எபிதீலியமும் புற்றின் பிறப்பிடமும்

தோலின் மேற்பரப்பையும் இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்புறத்தையும் சுரப்பிகளின் நுண்குழல்களையும் இடைவெளியின்றிப் போர்த்தியிருக்கும் செல்லடுக்கு எபிதீலியம் எனப்படும். மனிதரைத் தாக்கும் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை இவ்வடுக்கிலேயே தோன்றுகின்றன. அவற்றுக்குக் கார்சினோமா என்று பெயர். இன்று பாடநூல்களில் ஒரே வரியில் முடிந்துவிடும் இச்செய்தி, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய ஆய்வாளர்களிடையே தீராத வழக்காக இருந்தது. அதை அவிழ்க்கும் வழியை முதலில் காட்டியவர், கோழி முட்டைக்குள் கரு வளர்வதைப் பல்லாண்டுகள் பார்த்திருந்த ஒருவர்.

கட்டிகளும் செல்களால் ஆனவையே என்பதைப் பெர்லினில் யோகன்னஸ் முல்லர் 1838இல் நுண்ணோக்கி வழியே விளக்கினார். எனினும், அச்செல்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி எஞ்சியது. கரைசலில் படிகம் திரள்வது போல வடிவமற்ற ஒரு திரவத்திலிருந்து செல்கள் உருவாவதாக 1839இல் தியோடர் ஷ்வான் எழுதியதால், கட்டியும் உடலுக்குள் கசிந்த திரவம் திரண்டு தோன்றுவதே என்று கொள்ள இடமிருந்தது. முல்லரின் மாணவரான ராபர்ட் ரேமாக் இதை ஏற்கவில்லை. கோழிக்கருவின் இரத்தச் செல்கள் இரண்டாகப் பிரிவதை 1841இலேயே கண்டிருந்த அவர், முன்பிருந்த செல் பிரிவதால் மட்டுமே புதிய செல் பிறக்கும் என்று 1852இல் அறிவித்தார். கருவில் மேல், நடு, கீழ் என மூன்று அடுக்குகள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் தனக்குரிய திசுக்களையே தருகிறது என்றும் வகுத்துக் காட்டினார். அந்த வம்சாவளி வளர்ந்த உடலிலும் மாறாதென்றால், எபிதீலியச் செல்களைக் கொண்ட கட்டி எபிதீலியத்திலிருந்துதான் கிளைத்திருக்க வேண்டும் என்பது 1854இல் அவர் அடைந்த முடிவு. அவருடைய பகுப்பு சற்று மிகையான ஒழுங்குடையது. எபிதீலியம் மேல், கீழ் அடுக்குகளுக்கே உரியதன்று; சிறுநீரக நுண்குழல்களின் எபிதீலியம் நடு அடுக்கிலிருந்து வருகிறது என்பதைப் பின்வந்தோர் அறிந்தனர். ஆனாலும், நோயைப் புரிந்துகொள்ளக் கருவின் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும் என்ற அவருடைய அணுகுமுறை பழுதற்றது.

அதற்குக் கிடைத்த மதிப்போ மிகக் குறைவு. மதம் மாற மறுத்த யூதரான ரேமாக்குக்குப் பிரஷ்யப் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லும் உரிமையே 1847இல்தான் வாய்த்தது. 1859இல் துணைநிலைப் பேராசிரியர் பதவி வந்தது. 1865இல் அவர் மறைந்தார். செல்லிலிருந்தே செல் என்னும் கோட்பாடு 1855க்குப் பின் நோய்க்குறியியலாளர் ருடால்ஃப் விர்கோவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அறிவியல் வரலாற்றில் இது நேர்செய்யப்பட வேண்டிய அநீதி. அதே விர்கோ, புற்றின் மூலம் எபிதீலியம் அன்று, உறுப்புகளைத் தாங்கிப் பிணைக்கும் இணைப்புத் திசுவே என்று கருதினார். அதன் செல்கள் உருமாறி எபிதீலியத் தோற்றம் பெறக்கூடும் என்று அவர் நம்பியதால், தம் கோட்பாட்டோடு இது முரண்படுவதாக அவருக்குத் தோன்றவில்லை.

எர்லாங்கனில் அறுவை மருத்துவராக இருந்த கார்ல் தியர்ஷ், தோல் புற்றுகளை மெல்லிய சீவல்களாக அடுத்தடுத்து வெட்டி ஆராய்ந்து, ஆழத்தில் தனித்தீவு போலத் தெரியும் செல்திரள்கள் மேல்தோலோடு தொடர்புடையவை என்று 1865இல் நிறுவினார். முதுமையில் இணைப்புத் திசு தளர்வதால் எபிதீலியம் அதற்குள் ஊடுருவுகிறது என்ற அவருடைய ஊகம், செல்லையும் அதன் சூழலையும் சேர்த்தே பார்த்தது. பிரெஸ்லாவில் வில்ஹெல்ம் வால்டயர் உள்ளுறுப்புப் புற்றுகளுக்கும் இதே முடிவை விரித்து, செல்கள் நிணநீர், இரத்தக் குழாய்கள் வழியே பெயர்ந்து சென்றே புதிய இடங்களில் கட்டியாகின்றன என்று எழுதினார். விர்கோவை மறுத்த அக்கட்டுரை 1867இல் விர்கோ நடத்திய இதழிலேயே வெளிவந்தது. அது பதிப்பாசிரியராக அவருடைய பெருமைக்குச் சான்று.

விர்கோ ஊகித்த உருமாற்றம் நூறாண்டுக்கு மேல் கழிந்தபின் எதிர்த்திசையில் வெளிப்பட்டது. கோழிக்கருவில் எபிதீலியச் செல்கள் பிணைப்பை விட்டு இடம்பெயர்வதை ஆராய்ந்து வந்த ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் எலிசபெத் ஹே, கேரி கிரீன்பர்க்குடன் இணைந்து, கண்வில்லையின் எபிதீலியத்தைக் கொலாஜன் கூழுக்குள் வைத்தார். அச்செல்கள் மேல், கீழ் என்ற திசையமைவை இழந்து, நீண்டு, இணைப்புத் திசுச் செல்களைப் போல ஊர்ந்து சென்றதை 1982இல் இருவரும் வெளியிட்டனர். எபிதீலியச் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேடரின் என்னும் புரதத்தை இழந்த புற்றுச் செல்கள், அதை மீண்டும் பெற்றதும் ஊடுருவும் ஆற்றல் குன்றியதை 1991இல் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் கண்டன. மனிதப் புற்று பரவுவதில் இவ்வுருமாற்றத்தின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் விவாதிக்கப்படுகிறது; உருமாறிய செல்லும் எபிதீலியத்தின் வழித்தோன்றலே என்பதில் மட்டும் ரேமாக்கின் 1854ஆம் ஆண்டு முடிவு அசையவில்லை.