மின்னெழுச்சித் தடுப்பான் மாதிரியாக்கம்

உயர் அழுத்த மின்தடத்தில் மின்னல் விழும்போது பொங்கும் மின்னழுத்தத்தைத் தரையில் இறக்கிவிடும் கருவி மின்னெழுச்சித் தடுப்பான். களப்பணியாளர்களுக்கு அது ‘அரெஸ்டர்’. எந்தக் கோபுரத்தில் அதை மாட்ட வேண்டும் என்று கணினியில் முன்கூட்டியே கணித்துப் பார்ப்பது மாதிரியாக்கம்.

தீபகற்ப மலேசியா உலகிலேயே இடி மிகுந்த நிலப்பகுதிகளில் ஒன்று. அங்கே கெடா மாநிலத்தில் 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் குனோங் ஜெராய் மலையின் தென் அடிவாரத்தில் செமிலிங் என்னும் ஊர் இருக்கிறது. மலையின் மறுபக்கம் குரூண். அங்கிருந்துதான் தாய்லாந்துக்கு 110 கிலோமீட்டர் நீளமுள்ள 300 கிலோவோல்ட் நேர்மின் தடம் புறப்படுகிறது. மலேசிய மின்தொகுப்பின் மற்றத் தடங்கள் 132, 275, 500 கிலோவோல்ட் மாறுமின் தடங்கள்.

கோபுர உச்சியில் ஓடும் காப்புக்கம்பி மின்னலைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த மின்னோட்டம் தரைக்குள் இறங்கியாக வேண்டும். 30,000 ஆம்பியர் மின்னல் ஒன்று 10 ஓம் தரைத்தடையில் இறங்கினால் கோபுரம் சுமார் 300 கிலோவோல்ட்டுக்கு ஏறும். பாறை நிலத்தில் தடை 50 ஓம் என்றால் அது 1,500 கிலோவோல்ட். 132 கிலோவோல்ட் தடத்தின் பீங்கான் காப்பான்கள் அதைத் தாங்கா. கோபுரத்திலிருந்து மின்கம்பிக்கே மின்பொறி பாய்ந்துவிடும். ஒரே கோபுரம் இரண்டு தடங்களைச் சுமந்தால் இரண்டும் ஒன்றாக விழலாம், அதாவது இரண்டிலும் மின்சாரம் துண்டிக்கப்படலாம். அரெஸ்டரின் முதன்மையான பயனே இந்த இரட்டை வீழ்ச்சியைத் தடுப்பதுதான் என்பேன்.

அரெஸ்டருக்குள் இருப்பவை துத்தநாக ஆக்சைடு வில்லைகள். வழக்கமான அழுத்தத்தில் அவற்றில் மின்சாரம் ஏறக்குறைய ஓடாது. அழுத்தம் எல்லை தாண்டியதும் வழிவிடும், எழுச்சி அடங்கியதும் மறுபடி மூடிக்கொள்ளும். மாதிரியாக்கத்தில் அரெஸ்டரை வெறும் தடையாகக் கணக்கிட்டால் விடை பிழையாகும். மின்னோட்டம் எவ்வளவு விரைவாக ஏறுகிறதோ அவ்வளவுக்கு அரெஸ்டரின் முனைகளில் நிற்கும் அழுத்தமும் கூடும். உச்சத்தை எட்டும் நேரம் 8 மைக்ரோ நொடியிலிருந்து 1.3 ஆகக் குறைந்தால் அது ஏறத்தாழ 6 விழுக்காடு உயரும். இதற்காகவே 1992இல் மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் பணிக்குழு, இரண்டு நேர்கோடல்லாத தடைகளுக்கு நடுவே ஒரு தூண்டற்சுருளை வைத்த மாதிரியை வெளியிட்டது. கணக்கைச் செய்யும் ஈ.எம்.டி.பி. நிரலின் மூலவடிவத்தை 1960களின் பிற்பகுதியில் உருவாக்கியவர் ஹெர்மன் டோமல்.

நிரலுக்குள் கொடுக்கும் எண்களில் மிகவும் ஏமாற்றுவது தரைத்தடை. காய்ந்த மண்ணில் அது கூடும். கெடாவில் ஆண்டின் முதல் மாதங்கள் வறண்டவை. மண் முழுதாக நனையும் முன்பே ஏப்ரல் இடிமழை வந்துவிடும். மழைமாதத்தில் அளந்த தடையை வைத்து ஜெராய் அடிவாரக் கோபுரம் ஒன்றைப் ‘பாதுகாப்பானது’ என்று தீர்ப்பது தவறு. வறட்சியின் கடைசி நாள்களில் அளந்த எண்ணையே கணக்கில் இட வேண்டும்.