அரசற்ற சமூகம்

அரசற்ற சமூகம் என்பது ஆட்சியமைப்பும் படையும் இன்றி, உடன்பாட்டாலும் வழக்காற்றாலும் மக்களே பொதுக்காரியங்களை நடத்தும் சமூகம். அது நடைமுறையில் நிலைக்குமா என்பதை ஆராயத் தமிழகத்தில் கிடைக்கும் நெருங்கிய சான்று ஏரிப் பராமரிப்பு. செஞ்சி வட்டாரத்துப் பனமலையில், பல்லவன் ராஜசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயில் நிற்கும் குன்றின் அடியில் ஏரி விரிகிறது. இத்தகைய ஏரிகளில் கரைக்கு மண் போடுவது, வாய்க்காலில் தூர் எடுப்பது, மதகு திறந்து முறைவைத்துப் பாய்ச்சுவது எல்லாம் குடிமராமத்தாக ஊரார் பார்த்த வேலை. தலைமடைக்காரர் நீரை மறித்தால் கடைமடைப் பயிர் கருகும். அதைத் தடுத்தது பெரும்பாலும் ஊர்க்கட்டுப்பாடே.

இத்தகைய ஊர்க்கட்டுப்பாட்டின் தெளிவான எழுத்துச் சான்று உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921). குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பிரிவுகளிலிருந்து, குடத்திலிட்ட பெயரோலைகளை எடுக்கும் குடவோலையால் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் எடுத்தனர். ஏரி வாரியத்துக்கு 6 பேர். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் மறுபடி இடமில்லை. அரசின்றியே ஊர் நடந்ததற்கு இதுவே சான்று என்பர். ஆனால் அந்த விதிகள் சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் ஆணைப்படி, அவன் அதிகாரி உடனிருக்க இயற்றப்பட்டவை. நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆண்களுக்கே தகுதி. ஊர் தன்னை ஆண்டது உண்மை. அரசற்று ஆண்டது என்பது மிகை. சிறு எல்லையில், ஒருவரையொருவர் அறிந்தோரிடையே வழக்காறு போதும். உழைப்பைத் தட்டிக்கழிப்போர் பெருகினால் போதாது. குடிமராமத்தைக் கட்டாயமாக்க 1858இல் சென்னை மாகாணத்துக்குச் சட்டமே தேவைப்பட்டது.