நிறுத்துதொலைவு

ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து வண்டி முற்றிலும் நிற்கும் வரை அது கடக்கும் தூரம் நிறுத்துதொலைவு எனப்படும். கண்டு, பிரேக்கில் கால் வைப்பதற்குள் ஓடிவிடுவது ஒரு பகுதி. பிரேக் பிடித்தபின் ஓடுவது மறுபகுதி. ஒரு விநாடி தாமதித்தாலே 60 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 17 மீட்டர் போய்விடும்.

பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டுமே. வண்டியை நிறுத்துவது சாலை. நியூட்டனின் விதிப்படி, ஓடும் பொருளின் வேகத்தை மாற்ற வெளியிலிருந்து விசை வேண்டும். அந்த விசை டயர் தரையைத் தொடும் இடத்தில் எழும் உராய்வு. காரின் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஓர் உள்ளங்கை அளவுதான்.

இந்த உராய்வை நம்பி ஓடும் வண்டிகளைச் செய்வதே சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தின் பெரும்பகுதித் தொழில். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் ஒரகடத்தில் நிசான்–ரெனோ கார்களும் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரிகளும், வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு, யமஹா பைக்குகளும் வந்தன. ஒரகடத்திலேயே அப்பல்லோ டயர் ஆலையும் உண்டு. எஞ்சினுக்குள் உராய்வைக் குறைக்க எண்ணெய் ஊற்றுபவர்களும், டயரில் அதைக் கூட்ட ரப்பர் கலவையை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களும் இங்கே அக்கம்பக்கத்துக்காரர்கள்.

உராய்வு விசை எடைக்கேற்ப வளர்கிறது. நிறுத்த வேண்டிய நிறையும் அதே விகிதத்தில் வளர்கிறது. எனவே கணக்கில் நிறை அடிபட்டுப்போகும். வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் குணகம், புவியீர்ப்பு முடுக்கம் இவற்றின் பெருக்கற்பலனின் இருமடங்கால் வகுத்தால் பிரேக் தூரம் கிடைக்கும். உலர்ந்த தார்ச்சாலையின் குணகத்தை 0.7 என்று கொண்டால் 60 கி.மீ. வேகத்துக்கு 20 மீட்டர்; நனைந்த சாலையில் அது 0.4 ஆக இறங்கினால் 35 மீட்டர். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு.

அப்படியானால் பாரம் ஏற்றிய டிரெய்லரும் காரும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டுமே? நிற்பதில்லை. லாரி டயரின் ரப்பர் நீண்ட உழைப்புக்காகக் கடினமாகச் செய்யப்படுவது, பிடி குறைவு. ஏர் பிரேக்கில் காற்று குழாய் வழியே போய்ச் சேரவும் நேரம் பிடிக்கும். 40 டன் வண்டியை 60 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் சுமார் 55 லட்சம் ஜூல் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிப் பிரேக் டிரம்மில் இறங்குகிறது. டிரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் லைனிங்கின் பிடி தளரும். ‘பிரேக் பிடிக்கலை’ என்ற ஓட்டுநரின் புகாரை எப்போதும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

சக்கரம் உருளும்போது தரையைத் தொடும் ரப்பர் பெரும்பாலும் நழுவாமல் பற்றியிருக்கும். சக்கரம் பூட்டிக்கொண்டால் ரப்பர் சறுக்கத் தொடங்கும். பிடி குறைவதோடு ஸ்டீரிங்கும் கேட்காது. பிரேக்கை விநாடிக்குப் பலமுறை விட்டுவிட்டுப் பிடித்து இதைத் தடுப்பது ஏ.பி.எஸ். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மாடல் பைக்குகளுக்கு இது 2018 ஏப்ரலிலிருந்து கட்டாயம். இதைச் சோதிக்க, ஒருபுறம் உலர்ந்த கான்கிரீட்டும் மறுபுறம் நீர் பாய்ச்சிய வழுக்குத் தளமுமாகத் தடம் அமைப்பார்கள். நேட்ரிப் திட்டத்தில் மத்திய அரசு அமைத்த வாகனச் சோதனை மையம் ஒன்று ஒரகடத்தில் இருக்கிறது.

சாலையின் பிடியைப் பொறுத்தவரை, நாள் முழுக்கக் கொட்டும் மழையைவிட வெயிலுக்குப் பின் வரும் முதல் தூறல் ஏமாற்றக்கூடியது: சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போது குழம்பாகும், மழை வலுத்தால் ஓரளவு கழுவிப் போய்விடும்.

பூட்டிய சக்கரம் விட்டுச்சென்ற கருந்தடத்தை அளந்து, பிரேக் தூரத்தின் சூத்திரத்தையே திருப்பிப் போட்டு விபத்து வண்டியின் வேகத்தைக் கணிக்கலாம். உலர்ந்த சாலையில் 25 மீட்டர் தடம் இருந்து, அதன் முடிவில் வண்டி நின்றிருந்தால், பிரேக் பிடித்தபோது வேகம் ஏறத்தாழ 67 கி.மீ.